மிட்டிலீன் பிழைத்த கதை

நாட்டின் தலைநகரில், முனிர்காவில் வாடகை அறை எடுத்துக்கொண்டு பழங்காலக் கிரேக்கப் போர்களை ஆராய்ச்சி செய்துவந்த அபூர்வாவுக்கு, ஒரு செய்தி சேனலின் தமிழ்ப் பிரிவில் பகுதி நேர வேலை கிடைத்தது. போர்த் தந்திரங்களைப் பற்றிய தொடரை அவளே எழுதினாள், அவளே குரலும் கொடுத்தாள்.

இந்த வாரம் மிட்டிலீன். ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பித் தோற்றுப்போன தீவு நகரம். ஆண்களை எல்லாம் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கச் சொல்லி ஏதென்ஸ் மக்கள் சபை கப்பல் அனுப்பியது. மறுநாளே ஏதென்ஸ்காரர்களுக்கு மனசு உறுத்த, சபை மறுபடி கூடியது. இரக்கம் காட்டினால் பேரரசே போய்விடும் என்றான் கிளியோன். இப்படிக் கொன்றால் நாளைக்கு எந்த நகரமும் நம்மிடம் சரணடையாது, கடைசி ஆள் வரை போராடும் என்றான் தியோதோத்தஸ். கொஞ்ச வாக்குகளில்தான் அவன் பக்கம் ஜெயித்தது. இரண்டாவது கப்பல் இரவும் பகலும் துடுப்புப் போட்டு, கொலை தொடங்குமுன் போய்ச் சேர்ந்தது. கலகத்தை நடத்திய ஆயிரம் பேரை மட்டும் பிறகு கொன்றார்கள், ஊர் பிழைத்தது.

ஒளிபரப்புக்கு முன் போட்டுக் காட்டியதில் தியோதோத்தஸைக் காணோம், இரண்டாவது கப்பலையும் காணோம். கிளியோன் முழங்கினான், முதல் கப்பல் கிளம்பியது, ‘ஏதென்ஸ் தயங்கவில்லை’ என்று எழுத்து வந்து முடிந்தது. அபூர்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடிட்டர் சாய்ராமின் அறைக்கு நேரே போனாள்.

இப்போது நாட்டில் இருக்கிற போர்ச் சூட்டில் இரக்கத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான், நேரமும் இல்லை, அதனால் சுருக்கினேன் என்றார் அவர்.

“நீங்க சுருக்கல சார். சாகாதவங்களைக் கொன்னுட்டீங்க.”

“அச்சா. கலகம் பண்ணினவங்கன்னு ஆயிரம் பேரைக் கொன்னாங்கதானே? நீதான எழுதியிருக்க.”

“அதை நான் மறைக்கல. ஊர் பொழச்சதை நீங்க மறைக்கிறீங்க.”

எந்தக் காலத்துப் பிணங்களுக்காகவோ வேலையை விடப்போகிறாயா என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன் குரலை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினாள்.

மாலையில் வேறொருத்தியின் குரலில் நிகழ்ச்சி ஓடியது. நகரின் இன்னொரு கோடியில், துவாரகாவிலிருந்து அக்கா வத்சலா போன் செய்தாள். தங்கை எழுதியதாயிற்றே என்று வீட்டோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். எதிரியை அப்படித்தான் பூண்டோடு ஒழிக்கணும் என்று அத்திம்பேர் கைதட்டினாராம்.

அபூர்வா முழுக் கதையையும் சொன்னாள்.

“அப்ப அந்த ஊர் அழியவே இல்லையா?”

“இல்ல. அத்திம்பேர்கிட்ட போனைக் குடு.”