பச்சைமுத்துவுக்கு மூன்றாவது டோஸ்

திங்கட்கிழமை வரவேண்டிய பச்சைமுத்து செவ்வாய் மத்தியானம் ஆகியும் வரவில்லை. ஆஸ்பத்திரியின் ஆய்வு அறையில் அவருடைய கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உமாமகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கு வரும் நோயாளிகளைத் தேதி தவறாமல் வரவைப்பது அவள் வேலை.

பச்சைமுத்து கொத்தனார். கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டியோடு வந்தவர். வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்று. ஆய்வில் ஒரு பிரிவுக்கு வழக்கமான கீமோ மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு புதிய ஆன்டிபாடியும் உண்டு. நோய் பிடித்த செல்களின் மேலிருக்கும் அடையாளத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் அவருக்கு ஆன்டிபாடி விழுந்தது. இரண்டே டோஸில் கட்டி கைக்கு அகப்படாமல் கரைந்துபோனது. கைக்கு அகப்படவில்லை என்பதற்காக ஒழிந்துவிட்டது என்று அர்த்தமா? மொத்தம் ஆறு டோஸ், இருபத்தொரு நாளைக்கு ஒன்று. பிந்தினால் மூன்று நாள் பொறுப்பார்கள். வியாழன் தாண்டினால் ஆய்வில் இடமில்லை, அந்த மருந்தும் இல்லை.

அவர் கொடுத்திருந்த டீக்கடை நம்பர் செத்துக் கிடந்தது. காலையில் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டாள். குடிசைகள் இருந்த இடத்தில் புல்டோசர் தடம். எல்லாரையும் டெல்லியின் வடக்குக் கோடியில் இருக்கும் பவானாவுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்களாம்.

"பவானாவா?" டாக்டர் சுந்தரேஷ் கண்ணாடியைக் கழற்றினார். "அத்தனை ஆயிரம் பேர்ல எங்கேன்னு தேடுவே? ஆள் தொலைஞ்சாச்சு, லாஸ்ட் டு ஃபாலோ-அப்னு போட்டுடு, உமா."

"அவர் தொலையல சார். வீட்டை இடிச்சு அனுப்பியிருக்காங்க. ரெண்டும் வேற."

"கோவப்படாதே. ப்ராக்டிகலா யோசி."

"அதைத்தான் செய்யறேன். வியாழன் வரைக்கும் ஃபைலைத் தொடாதீங்க."

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் பச்சைமுத்துவை எப்படிப் பிடிப்பது என்ற கணக்குக்கு பி.எஸ்ஸி தேவைப்படவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் குடிசையையும் இடித்தார்கள். அப்போதும் அவள் அம்மா வீட்டுவேலைக்கு ஒருநாள் மட்டம் போடவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தாள். குடியிருக்கும் வீடு போகும். பாத்திரம் தேய்க்கும் வீடு போகாது. பச்சைமுத்துவின் மனைவி செல்லம்மாள் வேலை செய்வது ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில்.

புதன் காலை ஆறரைக்கே உமா ஆர்.கே.புரம் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். மூன்றாவது பஸ்ஸிலிருந்து செல்லம்மாள் இறங்கினாள்.

"ஐயய்யோ, ஆஸ்பத்திரிப் பொண்ணு!"

"ஓடாதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் எங்க?"

"அவருக்கென்ன, கட்டி கரைஞ்சிடுச்சு. மூணு வேளையும் தின்னுட்டு, பவானாவுல குடுத்த மனையில குடிசைக்கு மூங்கில் நட்டுக்கிட்டிருக்காரு."

"கட்டி ஒளிஞ்சிருக்கு அக்கா. விட்டா திரும்ப வரும், முன்னைவிட மோசமா வரும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

செல்லம்மாளின் முகம் சுருங்கியது. "அவருக்கும் வரணும்னுதான். ஆளில்லாத மனையில அடுத்தவன் கட்டிலைப் போட்டா, அப்புறம் அது அவனுதும்மா. கூட ஆள் இல்லாம நீங்க மருந்து ஏத்த மாட்டீங்க. ரெண்டு பேரும் கிளம்பினா மனையை யாரு பாக்குறது?"

உமா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நான்."

பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டாள். "சார், பச்சைமுத்து நாளைக்கு வர்றார். நான் வரமாட்டேன்."

"நீ எங்கே போறே?"

"அவர் மனையில உக்காரப் போறேன்."

அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "தண்ணி பாட்டில் எடுத்துண்டு போ" என்றார்.

வியாழக்கிழமை பவானாவில் வெயில் கொளுத்தியது. சுண்ணாம்புக் கோடு நான்கு, மூங்கில் குவியல் ஒன்று, நடுவில் குடையோடு உமா. பதினொரு மணிக்கு ஜம்பு என்றொருவன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து கோட்டுக்கு உள்ளே போட்டான்.

"காலியாத்தானே கிடக்கு?"

"நான் என்ன காத்தா? எடுங்க."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, வாய் இப்படி இருக்கு?"

"படிச்சதால வாயோட நிக்குது. இல்லேன்னா கட்டில் இந்நேரம் சாக்கடையில கிடக்கும்."

பக்கத்து மனைப் பெண்கள் சிரித்தார்கள். ஜம்பு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனான். பத்து நிமிடம் கழித்து வந்து எட்டிப் பார்த்தான். உமா நகரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பச்சைமுத்துவின் புறங்கையில் பிளாஸ்திரி. நடை தளர்ந்திருந்தது.

"முழுசா ஏத்தினாங்களா? நடுக்கம் வந்துச்சா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் ஏத்தினாங்க. மொத தடவை மாதிரி உதறலம்மா. தூங்கிட்டேன்." அவர் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூங்கிலை எடுக்கக் குனிந்தார்.

உமா அதன் மேல் காலை வைத்தாள். "இன்னிக்கு உக்காருங்க. நாளைக்குக் கட்டுங்க. மூணு வாரம் கழிச்சு இதே வியாழன், நாலாவது டோஸ். அதுக்குள்ள இங்க கதவும் பூட்டும் இருக்கணும்."

"இல்லாட்டி?"

"மறுபடி நானே வந்து உக்காருவேன். என் சமையலையும் நீங்கதான் சாப்பிடணும்."

பச்சைமுத்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். செல்லம்மாள் விரல்விட்டு வாரங்களை எண்ணத் தொடங்கினாள்.