மும்மாரி மந்திரி

சித்தூர் விநோத சபாவில் மந்திரி வேஷம் கட்டிய ஆறுமுகசாமி மேடையில் வாய் திறந்தால், நாடகம் நடக்கிற ஊரில் மட்டும் மழை பெய்யும். பக்கத்து ஊரில் ஒரு பொட்டு விழாது. எல்லைக் கல்லுக்கு இந்தப் புறம் நிற்கிறவன் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பான், அந்தப் புறம் நிற்கிறவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பான். அந்தக் காலத்தில் என்ன நாடகமானாலும் முதல் காட்சி ஒன்றுதான். ராஜா கொலுவில் உட்கார்ந்து, "மந்திரி, நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்பார். மந்திரி கும்பிட்டு, "பொழிகிறது மகாராஜா" என்பார். ஆறுமுகசாமியின் வேஷம் அத்தோடு சரி. அவர் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் முதல் மழை வந்துவிடும். மிச்ச இரண்டும் அந்த மாதம் முடிவதற்குள் வந்து சேரும்.

சித்தூருக்குக் கிழக்கே வானத்தை நம்பி யாரும் நாற்று விட்டதில்லை. அதனால் இதை அதிசயம் என்று பேசி நேரத்தைப் போக்காமல், விவசாயிகள் சபாவுக்கு அச்சாரம் கொடுக்க வண்டி கட்டினார்கள். மழை ராஜபார்ட் பொன்ராஜின் தயவால் வருகிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பொன்ராஜ் அதைவிட உறுதியாக நினைத்தார். ஒரு மாசி மாதம் ஆறுமுகசாமி காய்ச்சலில் படுத்துவிட, பொன்ராஜின் மைத்துனர் மந்திரியாக நின்று, "பொழிகிறது மகாராஜா" என்று கணீரென்று சொன்னார். பொழியவில்லை. ஜனங்கள் நாடகத்தைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் பொன்ராஜின் கிரீடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சரியான மந்திரியைக் கூட்டி வந்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், அப்படியே தந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறுமுகசாமி இல்லாமல் சபாவுக்கு அழைப்பே கிடையாது. மந்திரியின் வசனம் முடிந்ததும் ஆண்கள் மண்வெட்டியோடு வரப்புக்கு ஓடுவார்கள், பெண்கள் காயப்போட்ட கொப்பரையை அள்ள ஓடுவார்கள். பொன்ராஜ் ராஜாவின் பாட்டு அத்தனையையும் நனைந்த பாய்களுக்குப் பாடிக் காட்டுவார். இத்தனை பெயர் பெற்றும் ஆறுமுகசாமிக்கு மனசு ஆறவில்லை. அவர் வீட்டை விட்டு ஓடிவந்து சபாவில் சேர்ந்தது ராஜாவாக நடிக்கத்தான். சிம்மாசனம் என்பது வெல்வெட்டுத் துணி போர்த்திய மண்ணெண்ணெய்ப் பெட்டிதான் என்று பக்கத்திலேயே நிற்கிற அவருக்குத் தெரியும். தெரிந்தும் அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஏங்கினார்.

நடிப்புத் தொழிலில் நிலைப்பது எப்படி என்று அவருக்குப் புத்தி சொல்லாத ஆள் சபாவில் இல்லை. ஆர்மோனியக்காரரைப் பகைத்துக்கொள்ளாதே, சுருதியை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார் என்றார் பொன்ராஜ். புது ஊருக்குப் போனால் முதலில் பெரிய மனிதர் வீடு எது என்று கேள், கொட்டகை எங்கே என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்றார். விளக்குக்குக் கிட்டே நில், அடுத்தவன் பாடும்போது இருமு என்றும் சொன்னார். இதை மட்டும் அவர் சொல்வதற்கு முன்பே எல்லோரும் கற்றிருந்தார்கள். சபா முதலாளி ரத்தினசாமி பொறுமை வேண்டும் என்றார், ஆறுமுகசாமியின் மீசை நரைக்கும்வரை அதையே சொன்னார். ஆறுமுகசாமியின் மனைவி, சபாவுக்குச் சமையல் பார்த்த குருவம்மாள் சொன்னதுதான் உருப்படியான புத்தி.

"ஏனுங்க, வெத்தலையக் கொறைங்க. வேளைக்குத் தூங்குங்க. ராசா பாட்டு பூராத்தையும் நெட்டுருப் பண்ணி வெச்சுக்குங்க. பொட்டி என்னைக்குக் காலியாகும்னு ஆரு கண்டா?"

ஆறுமுகசாமி சபாத் துணிகளைச் சோகநாசினி ஆற்றில் துவைக்கும் சாக்கில் ராஜா பாட்டு அத்தனையும் பாடிப் பழகினார். வருஷங்கள் போயின. பெட்டி காலியாகவில்லை, பல்தான் ஒவ்வொன்றாகக் காலியாயிற்று. மந்திரி பொக்கை வாயால் சொன்னாலும் மழை பெய்துவிடும். பொக்கை வாய் ராஜாவை யார் பார்ப்பார்கள்? முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கியபோது அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த வருஷம் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கங்காணி சுருளிவேல் சபாவைத் தேடி வந்தார். தோட்டத்துச் சனத்துக்கு நாடகம் பார்க்கக் காத்திருந்து கண் பூத்துப் போயிற்று, ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"எங்க மலை மேல மழைக்கு என்னய்யா பஞ்சம்? அட்டையும் சகதியுமாக் கெடக்கோம். மந்திரி மட்டும் மேடை ஏறப்படாது. ராசா கேக்கட்டும், ஒருத்தரும் பதில் சொல்ல வேண்டாம்."

மறுநாள் விடிந்தால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லோரும் வந்து நிற்க வேண்டும் என்பதால் தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான் நாடகத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். பட்டப்பகலில், குளிரில், அட்டைக் கடியில் பாடினால் சாரீரம் என்ன ஆவது என்று பொன்ராஜ் மறுத்துவிட்டார். மந்திரிக்கு வேஷம் இல்லை, ராஜாவுக்கு ஆள் இல்லை. ரத்தினசாமி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கிரீடத்தை வேறு வழியில்லாமல் ஆறுமுகசாமியிடம் கொடுத்தார்.

உடுமலை வரை மாட்டு வண்டி, அங்கிருந்து மறையூர் வழியாக நடை. ஏறும்போது பிடித்த மழை ஞாயிறன்றும் விடவில்லை. லயத்து வரிசை வீடுகளின் ஜனமெல்லாம் மைதானத்தில் நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆறுமுகசாமி பெட்டியில் அமர்ந்தார். அமர்ந்ததும் கண் கலங்கிவிட்டது. காலி இடத்தைப் பார்த்து, "மந்திரி, நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டார். பதிலுக்கு லயங்களின் தகரக் கூரையில் மழைதான் இரைந்தது. கொழுந்தெடுக்கிற அழகுத்தாய் என்பவளுக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டாள்.

"மூணு மழையா? பேஞ்சது விடவே இல்லையே ராசா! கம்பளி காஞ்சு நாங்க கண்டதில்ல. போதும்னு சொல்லுமய்யா, உம்ம வாயால!"

ராஜாவுக்கு இதற்கு வசனம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆறுமுகசாமி அவள் கம்பளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். "போதும். நிற்கட்டும்" என்றார்.

நின்றது. தோட்டத்து எல்லைவரை வெயில் அடித்தது, அதற்கு அப்பால் மழை தன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. ஜனங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து லயங்களுக்கு ஓடினார்கள். காலி மைதானத்தைப் பார்த்த ஆறுமுகசாமிக்கு, பொன்ராஜ் இத்தனை வருஷமும் என்ன பாடுபட்டிருப்பார் என்று முதல் தடவையாக உறைத்தது. அவமானத்தில் கிரீடத்தைக் கழற்றப் போனார். அதற்குள் அவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள், வீட்டில் இருந்த ஈரக் கம்பளி அத்தனையோடும். நல்ல வெயில் விழுகிற வெட்டவெளி அந்த மைதானம் ஒன்றுதான். மேடைக் கழிகளிலும் படுதாக் கயிற்றிலும் கம்பளி தொங்கிற்று, சிம்மாசனப் பெட்டியின் ஓரத்தில்கூட ஒன்று. எல்லாம் தோட்டம் கொடுத்த ஒரே மாதிரிக் கறுப்புக் கம்பளிகள். விட்டுவிட்டுப் போனால் எவனாவது மாற்றி எடுத்துப் போய்விடுவான் என்று அவரவர் கம்பளிக்கு நேரே அவரவர் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆவி பறக்கும் கம்பளிகளுக்கு நடுவே ராஜா எல்லாப் பாட்டையும் பாடி முடித்தார். கடைசிப் பாட்டில் அழகுத்தாய் அழுதாள், ஆறுமுகசாமியும் அழுதார்.

வேஷம் கலைக்கும்போது குருவம்மாள் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டாம் பாட்டுல சுதி கொஞ்சம் எறங்கிப் போச்சுங்க. அடுத்த வருசம் பாத்துக்குங்க" என்றாள்.

அதன்படியே தோட்டம் வருஷாவருஷம் அழைக்க, சமவெளியில் அவர் மந்திரியாகவும் மலையில் ராஜாவாகவும் பல் எல்லாம் போன பிறகும் இருந்தார். அந்த முதல் வருஷம், திங்கட்கிழமை காலையில் சபா எல்லையைத் தாண்டியதும் தோட்டத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. காய்ந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் கொழுந்தெடுக்கப் போனார்கள்.