பழுதுக்குக் காரணம்

முற்றத்தில் மூன்று ஸ்கூட்டர் பற்றரிகள் வரிசையாகக் கிடந்தன. மூன்றும் செத்துப்போனவை. அவற்றைக் கொன்றது யார் என்று விசாரிக்கத்தான் தம்பிராசா ஐயா பற்றரிக் கம்பனிக்காரரைத் தன் வீட்டுக்கே வரவழைத்திருந்தார்.

இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. ஒன்றில் ஐயா, மற்றதில் கம்பனி மேற்பார்வையாளர் றிஸ்வி. கப்பல்துறைச் சந்தியில் பற்றரி மாற்றும் நிலையத்தைப் பார்க்கும் கௌசிகா நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் கதிரைக்குப் பஞ்சமில்லை. விறாந்தையில் நாலைந்து சும்மாதான் கிடந்தன.

ஐயாவின் மனைவி தங்கரத்தினம் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஆண்கள் இருவருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. கௌசிகாவுக்குக் காகிதக் கோப்பை. அவளுடைய தகப்பன் சாவீடுகளில் பறைமேளம் அடித்தவர். அவருக்கு இதே முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள். ஒரு தலைமுறைக்குள் சிரட்டையிலிருந்து காகிதத்துக்கு வந்தாயிற்று. நாடு முன்னேறவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

"தம்பி, நான் சாதி பாக்கிற ஆளில்லை," என்று ஐயா றிஸ்வியிடம் தொடங்கினார். அவர் கோயில் பரிபாலன சபைத் தலைவர். அன்று ஐந்து மணிக்குப் பட்டணத்தில் நடக்கவிருந்த நல்லிணக்கக் கூட்டத்தில் பிரதம பேச்சாளரும் அவர்தான். "ஆனா இந்தப் பிள்ளை கையால தந்த பற்றரி மூண்டும் ரெண்டு மாதத்துக்குள்ள பழுதாப் போச்சு. வேலை தெரியாது, கைராசியும் இல்லை. வேற ஆளைப் போடுங்கோ."

ஐயா மின் ஸ்கூட்டர் எடுத்ததே பெற்றோல் வரிசையில் நின்று வந்த ரோசத்தில்தான். பிறகு கொழும்பில் பற்றரி இறக்குமதி விதி மாறியது. மாறியது திரும்பவும் மாறியது. இறக்கலாம் என்றார்கள், கூடாது என்றார்கள், வரி என்றார்கள். கடைசியாக வந்த ஏற்பாட்டின்படி வண்டி உங்களுடையது, பற்றரி கம்பனியுடையது. தீர்ந்ததைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிக்கொண்டு போகலாம், இரண்டு நிமிட வேலை. சல்லிக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் இறக்கிய பற்றரியில் அடுத்த நாள் ஐயர் பூசைக்குப் போவார். ஐயர் இறக்கியதில் பேக்கரிக்கார முனாஸ் பாண் விற்கப் போவார். திட்டம் போட்ட பெரியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், தம்பிராசா ஐயாவின் வீட்டை மட்டும் யோசிக்கவில்லை.

"தங்கச்சி, இது மூணாவது முறைப்பாடு," என்றார் றிஸ்வி தயக்கத்துடன். "இண்டைக்குக் காரணம் காட்டாட்டி உங்கள வேலையால நிப்பாட்டச் சொல்லி மேல இருந்து சொல்லிட்டாங்க. என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

கௌசிகாவின் தெருவிலிருந்து சீருடை போட்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வாங்கிய சான்றிதழைக் கைராசி என்ற ஒரு சொல் தின்றுவிடப் பார்த்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் கூடுதலாக இருந்தது.

"ஒரு நாளைக்கு அறுபது பற்றரி என்ர கையால போகுது, சேர்," என்றாள். "இந்த வீட்டுக்கு வாறதுதான் சாகுது."

குந்தியிருந்து முதல் பற்றரியின் இணைப்பு மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே பச்சைத் துரு. அதற்கு மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். மற்ற இரண்டும் அப்படித்தான். நிமிர்ந்தபோது ஸ்கூட்டர் நிற்கும் இடத்துச் சுவர்க்கட்டில் மாவிலை போட்ட செம்பு ஒன்று கண்ணில் பட்டது.

"அம்மா, அந்தச் செம்பில என்ன?"

"மஞ்சள் தண்ணி," என்றார் தங்கரத்தினம். ஒளிக்க ஒன்றுமில்லை என்ற வெள்ளை மனம் அவருக்கு. "பற்றரி மாத்திக்கொண்டு வந்த உடன நான்தான் தெளிக்கிறனான். ஸ்கூட்டர் சீற்றைத் தூக்கி, மூடியையும் திறந்து, உள்ளுக்கும் நல்லாப் படத்தான். ஆர் ஆர் தொட்டதோ. தெளிக்காம வாசலுக்கு எடுக்கக் கூடாதெண்டு இவர்தானே சொன்னவர்."

றிஸ்வி தன் கோப்பைக்குள் பார்த்தார்.

"அது கிருமிக்கு," என்றார் ஐயா. "கொரோனாவோட பழகின பழக்கம்."

கௌசிகா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனை நின்றது.

"தண்ணி பட்டதெண்டு எழுது," என்றார் ஐயா.

"தண்ணியெண்டா மழையெண்டு நினைப்பினம், ஐயா. ரெண்டு மாதமா ஒரு துளி மழை இல்லை."

அவள் எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். 'உரிமையாளர் வீட்டில் தீட்டுக் கழித்ததால்.'

ஐயாவின் முகம் கறுத்தது. "இதில நான் கையெழுத்து வைக்கவோ?"

"உங்கட விருப்பம். கையெழுத்து இல்லாட்டி வேற பற்றரி தர ஏலாது."

"ஓம் ஐயா, விதி அப்படித்தான்," என்றார் றிஸ்வி. அன்றுதான் அவருக்கு விதியில் அவ்வளவு பிடிப்பு வந்தது.

மணி நாலரை. ஸ்கூட்டரில் பற்றரி இல்லை, பட்டணத்தில் நல்லிணக்கம் காத்திருந்தது. ஐயா கையெழுத்து வைத்தார்.

கௌசிகா கம்பனி வாகனத்திலிருந்து நிறைந்த பற்றரியைத் தூக்கிவந்து பொருத்தினாள். குடிக்காத தேத்தண்ணி காகிதக் கோப்பையோடு ஆறிக் கிடந்தது. அவள் சீற்றை மூடுவதற்குள், பழக்கதோசத்தில் தங்கரத்தினத்தின் கை செம்புக்குப் போய்விட்டது.

கௌசிகா ஸ்கூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெளிக்கிறதெண்டா என்னில தெளியுங்கோ, அம்மா. எனக்குத் துருப் பிடிக்காது."