தலையா, வாலா

"கொடி! வெர்னா, கொடி!"

என் வீட்டுக்காரர் ஹோலிஸ் கத்தி முடிப்பதற்குள் நான் பாதித் தூரம் ஓடியிருந்தேன். அறுபத்து நான்கு வயது. ஷூவுக்கு அடியில் இரும்பு முள். காலடியில் உறைந்த ஏரி: இரண்டடி பனிக்கட்டி, அதற்கும் கீழே ஐம்பது அடி தண்ணீர். என் மூன்றாவது தூண்டில் பொறியில், மீன் கடித்தால் நிமிரும் ஆரஞ்சுக் கொடி விறைத்து நின்றது. பனித்துளைக்குள் நூல்சுருள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ ஒன்று என் இரைமீனைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது!

மண்டியிட்டேன். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினேன். தங்கூசி நூலைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுத்தேன்.

கனம். நல்ல கனம். அந்தப் பக்கமிருந்து ஒரு முறை, இரண்டு முறை தலையை உதறியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

வெறும் நூல் மேலே வந்தது. கொக்கியில் பாதி ஸ்மெல்ட் மீன் தொங்கியது. அதன் முதுகில் சீப்பால் கீறியதுபோல் பல் தடம்.

"டோக்தான்," என்றார் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற ஹோலிஸ். ஏரி டிரவுட் மீனுக்கு எங்கள் ஊரில் டோக் என்றுதான் பெயர். டிரவுட் என்று சொன்னால் வெளியூர்க்காரன். "அவசரப்பட்டுட்டே. முழுங்க விட்டிருக்கணும்."

"நீ வாயை மூடிட்டு மணி என்னன்னு சொல்லு."

"வாயை மூடிட்டு எப்படிச் சொல்றது?"

"ஹோலிஸ்!"

"ஒண்ணு பத்து."

மூன்று மணிக்கு நாங்கள் பனியைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். வீட்டுக்குப் போக அரை மணி, மீன் வேக ஒன்றரை மணி. ஐந்து மணிக்கு ஓபல் வருகிறாள்.

ஓபல் என் தங்கை. பத்தொன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

காரணம் ஒரு ஸ்பூன். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிச் சாமானில் மொத்தம் பன்னிரண்டு ஸ்பூன். அம்மாவை அடக்கம் செய்த அன்று எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் இருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஊரே தட்டோடு உட்கார்ந்திருக்க, "உன் கைப்பையைத் திற," என்று ஓபலிடம் சொன்னேன். அவள் திறந்தாள். மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, இருமல் மிட்டாய் நாலு. அவ்வளவுதான். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனவள் போனவள்தான்.

போன வாரம் போன் அடித்தது. "வீட்டை வித்தாச்சு. செவ்வாய்க்கிழமை ஃப்ளோரிடா போறேன். ஒரேயடியா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். அம்மா பண்ற மாதிரி டோக் வயித்துல வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் அடைச்சுப் பண்ணி வை. கடை மீனை வெச்சு ஏமாத்தலாம்னு பார்த்தே, வாசல்லயே வண்டியைத் திருப்பிடுவேன்."

அவள் திருப்பிவிடுவாள். எனக்குத் தெரியும். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க எனக்கு இருப்பது ஒரே சாப்பாட்டு நேரம். அந்தச் சாப்பாடு இன்னும் ஏரிக்கு அடியில் நீந்திக்கொண்டிருந்தது.

"புது ஸ்மெல்ட் எடுத்துட்டு வா," என்றேன்.

ஹோலிஸ் நகரவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். அந்தத் தொப்பி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"வாளித் தண்ணி உறைஞ்சிடுமேன்னு... அடுப்புக்குப் பக்கத்துல கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்."

பனிமேல் நிறுத்தியிருந்த மரக்குடிலுக்குள் ஓடினேன். வாளியில் இரண்டு டஜன் ஸ்மெல்ட்டும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"பனியில வாழுற மீனுக்குக் குளிர் காய ஏற்பாடு பண்ணின முதல் ஆள் நீதான்யா!"

"செத்தாலும் பிரயோஜனம் இருக்கு," என்றார் ஹோலிஸ். "நறுக்கிக் கோத்துக்கலாம்."

இனி பொறி உதவாது. பொறிக்கு உயிருள்ள மீன் வேண்டும். மிச்சமிருந்தது ஹோலிஸின் வழி: கைத்தூண்டிலில் பொய்மீனைக் கட்டி, மேலும் கீழும் ஆட்டி, டோக்கை ஏமாற்றுவது. ஆனால் துளைபோடும் கருவியின் பிளேடைத் தீட்டுகிறேன் என்று போன வாரம்தான் அவர் வலது கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஏழு தையல்.

"ஆட்டுறது நான்," என்றேன். "நீ மீன் தேடுற கருவியோட திரையைப் பாரு."

எங்கள் முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய குடிலுக்குள் அவருடைய தூண்டிலை நான் தொட்டதில்லை. எனக்குப் பொறி, அவருக்குக் குடில். சண்டையில்லாமல் வாழ நாங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு.

பெட்டியைத் திறந்தார். தகடுகள், ரப்பர் மீன்கள், இறக்கை வைத்த ஈயக் குண்டுகள். ஒரு நிமிஷம் யோசித்தார். வெளியே வானத்தைப் பார்த்தார்.

"மேகமூட்டம். வெள்ளை ரப்பர்தான்."

கட்டினேன். வாளியிலிருந்து ஒரு ஸ்மெல்ட்டை எடுத்து இரண்டாக வெட்டி, வால் துண்டைக் கொக்கியில் கோத்தேன்.

"தலை," என்றார் ஹோலிஸ்.

"வால்."

"தலையிலதான் வாசனை இருக்கு. கண்ணு இருக்கு. டோக் தலையைத்தான் முதல்ல அடிக்கும்."

"வால்தான் ஆடும். ஆடினாத்தான் உயிரு. எங்கப்பா வால்தான் கோப்பாரு, ஓபல் வால்தான் கோப்பா, நானும் வால்தான்."

"உங்க குடும்பமே வால் குடும்பம். தெரியாமலா கட்டிக்கிட்டேன்? தலையைக் கோத்துடு."

குடில் அவருடையது. தலையைக் கோத்தேன்.

ஐம்பத்திரண்டு அடி. ஈயம் தரையில் மோதியது. "மோது, இன்னும் மோது. சேறு கிளம்பணும். கீழே எவனோ சாப்பிடுறான்னு அது நினைச்சு வரணும்." மோதினேன். திரையில், ஏரித்தரையைக் காட்டும் பச்சைக்கோட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு முளைத்தது.

"வந்துட்டான்! தூக்கு, மெதுவா... ஓடுற மாதிரி தூக்கு..."

சிவப்புக்கோடு பின்னாலேயே ஏறியது. நாற்பத்தைந்து. நாற்பது. நின்றது. பார்த்தது. இறங்கிப் போய்விட்டது.

"பிடிக்கலையாம்," என்றார்.

செம்புத் தகடு கட்டினோம். ஒன்று வந்தது, மோந்தது, போனது. இருட்டில் ஒளிரும் பச்சைத் தகட்டை டார்ச் அடித்து ஒளியேற்றி இறக்கினோம். போலீஸ் வண்டியைக் கண்டவன்போல் சிவப்புக்கோடு திரையைவிட்டே ஓடியது. இறக்கைக் குண்டு, நீலத் தகடு, மறுபடி வெள்ளை ரப்பர்.

மணி இரண்டு இருபது.

என் கண் மேலே போனது. குடிலின் ஆணியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை தொங்கியது. அதற்குள்தான் மகாராணி இருக்கிறாள். ஹோலிஸே செய்த ஸ்பூன். மீன் பிடிக்கிறவர்களுக்கு ஸ்பூன் என்றால் கரண்டிக் குழிபோல் வளைந்த உலோகத் தகடு. தண்ணீரில் அது காயம்பட்ட சின்ன மீனைப்போல் தடுமாறி விழும். வேறெதற்கும் மசியாத டோக் மகாராணிக்கு மசியும் என்று ஏரி முழுக்கப் பேச்சு. எனக்குத்தான் காட்டியதில்லை. பெண்கள் பார்த்தால் ராசி போய்விடுமாம்.

"மகாராணியை இறக்கு," என்றேன்.

"யாரை?"

"யாரையா? வருஷம் பூரா அவளோடதான் குடித்தனம் நடத்துறே."

"அது... அது வெயில் நாளுக்குத்தான் சரி."

"போன வாரம் பனிமழையில அதுலதான் பிடிச்சேன்னு பீத்திக்கிட்டே."

"கொக்கி துருப்பிடிச்சிருக்கு."

"வேற கொக்கி மாட்டு."

"வெர்னா, செம்பை இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே..."

அவர் நெற்றியில் வியர்வை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று?

"ஹோலிஸ்," என்றேன். "ராசி போனா போகட்டும். எனக்கு ஒரு மீன் வேணும். அவ செவ்வாய்க்கிழமை போயிடுவா. அதுக்கப்புறம் நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறது?"

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து காலுறையை எடுத்து, இடது கையாலேயே தடவித் தடவி, மகாராணியைத் தங்கூசியில் முடிந்தார். என்னைக் கட்டவிடவில்லை. ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் திட்டுத்திட்டாய்ச் சிவப்புச் சாயம்.

"தலையைக் கோத்துடு," என்றார். குரல் செத்திருந்தது. திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கோத்தேன். இறக்கினேன்.

தரையைத் தொடவேயில்லை. நாற்பத்தெட்டு அடியில் சிவப்புக்கோடு எங்கிருந்தோ பாய்ந்து வந்தது. நான் தூக்கினேன். துரத்தியது. வேகமாகத் தூக்கினேன். இன்னும் வேகமாகத் துரத்தியது. நாற்பது. முப்பது. "நிறுத்தாதே! நிறுத்தாதே!"

டம்!

தூண்டில் வளைந்து துளைக்குள் நுனியை முக்கியது. சுருள் அலறியது.

"விடு! ஓட விடு! இழுக்காதே!"

"நீ கத்தாதே!"

கால் மணி நேரம். நான் இருபதடி இழுத்தால் அது முப்பதடி எடுத்துக்கொண்டது. தோள் எரிந்தது. கடைசியில் துளையின் கறுத்த தண்ணீருக்குள் சாம்பல் உடம்பும் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தன. தலை நுழையவில்லை. பனிக்கட்டியின் அடி விளிம்பில் முட்டிக்கொண்டது. மகாராணி கிரீச் கிரீச்சென்று பனியில் உரசினாள். இன்னும் ஒரு உரசல், தங்கூசி அறுந்துவிடும்.

ஹோலிஸ் தடாலென்று குப்புற விழுந்தார். சட்டையோடு இடது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டார். பல்லைக் கடித்தார். செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தலையைத் திருப்பி, ஒரே தூக்கு.

ஒன்பது பவுண்டு டோக், குடிலின் பலகைத் தரையில் துள்ளியது.

நான் அழுதேன். சிரித்தேன். உறைந்துபோன அவர் கையை என் கோட்டுக்குள் விட்டு அணைத்துக்கொண்டேன். "என் ராஜா," என்றேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கொக்கியை நான் எடுக்கறேன், வெர்னா. நீ போய்..."

"ஒத்தைக் கையால என்னத்தை எடுப்பே?"

குறடால் கொக்கியைக் கழற்றினேன். மகாராணி என் உள்ளங்கையில் விழுந்தாள். பனி உரசியதில் சிவப்புச் சாயம் பெயர்ந்து போயிருந்தது. அதற்கு அடியில், குழியின் பின்பக்கம், பொறித்த ஒரு சின்னச் சிப்பி. ஏழு கீற்றுச் சிப்பி.

இன்று காலைதான் பதினொரு ஸ்பூனைத் தேய்த்து வைத்துவிட்டு வந்திருந்தேன். பதினொன்றின் பின்னாலும் இதே சிப்பி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

மகாராணியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உங்கம்மா வீட்டுல, பாத்திரம் கழுவுற தொட்டியில கிடந்துச்சு," என்றார் ஹோலிஸ், மீனைப் பார்த்துக்கொண்டே. "சாதாத் தகரம்னு நினைச்சேன். அந்த வளைவு... அப்படியொரு வளைவு எங்கேயும் கிடைக்காது, வெர்னா. காம்பை அறுத்து ரெண்டு ஓட்டை போட்டுட்டேன். அடக்கத்தன்னிக்கு நீ எண்ணினப்பதான் புரிஞ்சுது. அதுக்குள்ள நீ அவ பையைத் திறக்கச் சொல்லிட்டே. நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைச்சேன். அப்புறம் அடுத்த வாரம்னு நினைச்சேன்..."

"பத்தொன்பது வருஷம், ஹோலிஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இன்னிக்கு என் கையில கொடுத்தே?"

"உனக்கு மீன் வேணும்னியே," என்றார்.

அடிக்க வேண்டும்போல இருந்தது. கம்பளியை எடுத்து அவர் தோளில் போர்த்தினேன். கொஞ்சம் பலமாகவே போர்த்தினேன்.

மூன்று மணிக்குக் கரையில் வண்டியில் ஏறினோம். நான்தான் ஓட்ட வேண்டும். கிளப்புவதற்கு முன்னால் போனை எடுத்தேன். அவள் வாசலுக்கு வரும்வரை என்னால் பொறுக்க முடியாது.

"எங்கேடி இருக்கே?"

"பாதி வழி. மீன் கிடைச்சுதா, இல்ல வண்டியைத் திருப்பட்டுமா?"

"கிடைச்சுது. ஓபல்..." கோட்டுப் பையிலிருந்த மகாராணியைக் கைக்குள் இறுக்கினேன். "அந்த ஸ்பூனும் கிடைச்சிருச்சு."

அந்தப் பக்கம் கார்க்கண்ணாடியில் துடைப்பான் அசையும் ஒலி மட்டும் கேட்டது. நான்கு முறை. ஐந்து முறை.

"தலையைக் கோத்தீங்களா, வாலையா?" என்றாள் ஓபல்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஸ்பூன் கிடைத்தது என்றுதான் சொன்னேன். அது தூண்டிலில் கிடைத்தது என்று நான் சொல்லவேயில்லை.

"உனக்கு... உனக்கு எப்படி..."

"முதல் குளிர்காலமே பார்த்துட்டேன். ஹோலிஸ் பனிமேல நின்னு யாருக்கோ காட்டிப் பெருமையடிச்சுட்டு இருந்தான். அப்போ சாயம்கூடப் பூசல. சிப்பி பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே அவனை வெளியில தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பே. உன் கோபம் எனக்குத் தெரியாதா? சரி, எனக்குத்தான் அக்கா இல்லாம போச்சு, உனக்குப் புருஷனாவது இருக்கட்டும்னு விட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அழாதே, வண்டி ஓட்டணும். கேட்டதுக்குப் பதில் சொல்லு. தலையா, வாலா?"

ஹோலிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால்," என்றேன். "அவரு திரைப்பக்கம் திரும்பினப்போ மாத்திட்டேன்."