நாற்பது செடிகளும் ஒரு ஜாயின்ட்டும்

எனக்குத் தொழில் குழாய் வேலை. பட்டப்பெயர் 'சொட்டு'. எந்த வீட்டில் வேலை முடித்தாலும், "ஒரு சொட்டு ஒழுகாது, ஒழுகினா என்னைக் கூப்பிடுங்க" என்று மார்தட்டிவிட்டு வருவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. அந்தத் திமிர்தான் இந்தக் கதையில் வில்லன். வேறு யாரையும் தேட வேண்டாம்.

என் மனைவி, கல்லெடுத்து முடித்துக் கைவிட்ட குவாரியில் தற்காலிகத் தோட்டக்காரி. மொட்டைப் பாறைச் சரிவைப் பச்சையாக்குவது அவள் வேலை. அதற்காக ஒரு செடியைப் பிடித்திருந்தாள். பாறை இடுக்கில் வளர்வது. தடித்த சாம்பல் நிற இலை, வருஷா வருஷம் மஞ்சள் பூ. அதன் பெயர் அவள் நோட்டில் இருக்கிறது, என் வாயில் நுழையாது. நட்டு வேரூன்றிய நாற்பது செடிகள் தொண்ணூறு நாள் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும். குறைந்தது முப்பது செடி பிழைத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் எழுத்திலேயே கொடுத்திருந்தார். ஆறு வருஷமாக அவள் காத்திருந்த வாக்கு அது.

அறுபத்தைந்தாவது நாள், அவள் தங்கைக்குப் பிரசவம். இருபது நாள் போயாக வேண்டும்.

"தினம் ஒரு தடவை போய்ப் பாருங்க. ஆடு மேயாம இருந்தா போதும். தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க" என்றாள்.

தலையாட்டினேன். பத்தொன்பது வருஷமாக அவள் எதைச் சொன்னாலும் நான் செய்வது அதைத்தான். எனக்குத் தலை ஆடும்போது காது வேலை செய்யாது.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் போனேன். இலைகள் சுருங்கி, என்னையே பார்ப்பதுபோல் இருந்தன. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன், பெண்டாட்டியின் செடியை வாயைக் கட்டி வைத்துப் பார்ப்பதா? கை பரபரத்தது. ஒரு வாளி கொண்டுவந்தேன்.

"அண்ணே, தண்ணி வேணாம்னு அக்கா சொல்லிட்டுப் போனாங்களே" என்றார் காவலாளி.

"செடியும் ஒரு உயிர்தானேய்யா" என்றேன். அவ்வளவு கருணை எனக்கு.

நான்கு நாளில் இலைகள் தொய்ந்து பழுத்தன. தாகம் இன்னும் அடங்கவில்லை என்று கணக்குப் போட்டேன். வாளி போதாது, உச்சிச் செடிகள்வரை அதைத் தூக்கிக்கொண்டு ஏறவும் முடியவில்லை. என் கடையில் கிடந்த குழாயையெல்லாம் அள்ளி வந்து, கீழிருந்து மேல்வரை வளைத்து, செடிக்கொரு துளை போட்டு, பகலெல்லாம் சொட்டும்படி செய்தேன். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவன்கூட இவ்வளவு நேர்த்தியாக விட்டிருக்க மாட்டான். செடிகள் மேலும் தொய்ந்தன. வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"செடி எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டாள்.

"உனக்கென்ன கவலை, நான் இருக்கேன்ல" என்றேன்.

இருபதாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வீட்டுக்குக்கூட வராமல் பையோடு குவாரிக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். முதல் செடியைத் தொட்டாள், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, கூழாகி, நாறியது. அடுத்ததும் அப்படியே. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மேலே ஏறினாள். உச்சியில் நான்கு செடிகள் விறைப்பாக நின்றன. ஒன்றில் மஞ்சள் பூ விரிந்திருந்தது. அவள் குழாயைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். அந்த நான்குக்கும் கீழே, குழாய் திரும்பும் இடத்தில் பாறை ஈரமாக இருந்தது. தண்ணீரெல்லாம் அங்கேயே கசிந்து வேறு பக்கமாக வழிந்திருக்கிறது.

"இந்த ஜாயின்ட் யார் போட்டது?"

"நான்தான்."

"ஒழுகுது."

குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரல் நனைந்தது.

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க உருப்படியாப் போட்ட ஜாயின்ட் இது ஒண்ணுதான்" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தொண்ணூறாவது நாள் மேற்பார்வையாளர் எண்ண வந்தபோது நானும் போனேன்.

"தண்ணி ஊத்தினது நான் சார். இவ மேல தப்பில்ல."

"அவங்க சொல்லிட்டுப் போகலையா?"

"சொன்னா சார். நான்தான் கேக்கல."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாளோ என்னவோ. மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். "இப்ப நிரந்தரம் எழுத முடியாதும்மா. இந்த நாலுலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்." என் கருணையின் விலை அவளுக்கு ஒரு முழு வருஷம். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நான்கிலிருந்து கிளை ஒடித்து நட்டாள். வேரூன்றி, நாற்பதும் தேறியதும் தண்ணீரை நிறுத்தினாள். அன்றைக்குத் தலையாட்டாமல், "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யக்கூடாது. செய்வீங்களா?"

வேலை இல்லாத நாட்களில் அவளோடு போய் அந்தப் பாறையில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்று பதினோராம் நாள். இலைகள் சுருங்க ஆரம்பித்துவிட்டன. அவள் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். என் கை தானாகக் குடிதண்ணீர் பாட்டில் பக்கம் போனது.

"கை" என்றாள், திரும்பாமலே.

எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.