தட்டச்சில் விடுபட்ட சொல்

1

"அண்ணி, ஃபாரத்துல பி.காம்னு போட்டுடவா?"

"வெறும் பி.காமா? பக்கத்துல என்னமோ போட்டிருக்கே."

"சி.ஏ."

"ஆடிட்டர் படிப்பா? அதுக்கு உங்க அண்ணன் தலையில முடி கொட்டித் தீர்ற வரைக்கும் படிக்கணுமே!"

"ஐயோ, அது வேற. இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். இதைப் படிச்சா ஆடிட்டரும் சேத்துக்க மாட்டாரு, கம்ப்யூட்டர்காரங்களும் சேத்துக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடி படிக்கிற?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தி வேணும்ல? கடைக்காரர் சொல்றது கம்ப்யூட்டருக்குப் புரியாது, கம்ப்யூட்டர் சொல்றது கடைக்காரருக்குப் புரியாது. நான் நடுவுல உக்காந்து சமாதானம் பண்ணி வைப்பேன்."

ஐந்து வருடங்களுக்கு முன், கல்லூரி விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என் நாத்தனார் பேசியது இது. இதை முதல் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு அவளைப் பிடித்துவிடும் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். குடும்பக் கதை எழுதுகிறவர்கள் செய்கிற சின்னத் தந்திரம் இது. உண்மையில் இந்தக் கதை பிறந்தது அந்த விண்ணப்பத்தில் இல்லை, ஒரு பென்டிரைவில். எப்படி என்பதை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். போகப் போகச் சொல்லப் பார்க்கிறேன்.

2

நான் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள். வாரம் ஓர் அத்தியாயம். என் கதைகளில் மாமியார்கள் மனம் மாறுவார்கள். பிரிந்த கணவன் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு காத்திருப்பான். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நோட்டில் பேனாவால்தான் எனக்கு எழுத வரும். அதைக் கணினியில் தட்டித் தருவது நாத்தனார். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு அவளுக்கு வீடு என்றால் எங்கள் வீடுதான். அவள் அண்ணன் அவளைக் 'கொசு' என்று கூப்பிடுவார். வேலை செய்யும்போது மெட்டு ஏதும் இல்லாமல் தன்பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள்.

தட்டும்போது ஏதாவது சந்தேகம் வந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி வைப்பாள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவற்றை நீக்கிவிடுவேன். இந்த முறை நீக்கப் போவதில்லை.

[மெய்யாவா அண்ணி? அப்போ இனிமே பாத்துதான் எழுதணும்.]

இரண்டு வருடங்களாக ரீங்காரம் இல்லை. அவளுக்கு இன்னும் பட்டமும் வரவில்லை. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள், கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட் ஒன்றைத் தவிர. அதை மறுபடி கொடுக்க விண்ணப்பிப்பதற்கு வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். அதைத் தவறவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். பிறகு அவள் கல்லூரிக்குப் போனாள் என்று சொல்லலாம், படிப்பை முடித்தாள் என்று சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அது அலமாரியில் துணிகளுக்கு அடியில் மடித்தபடி கிடக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை.

[துணிக்கு அடியில இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?]

3

முடிவை முதலில் எழுதிவைத்துக்கொள்வது என் வழக்கம்.

முடிவு ஒன்று. அவள் ப்ராஜெக்ட்டுக்காகப் போய்வந்த மருந்துக் கடையில், கடைக்காரரின் தம்பி அவளைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கண்ணாடி போட்டவன், அதிகம் பேசாதவன். ஒரு மழை நாளில்

[இவரை நான் பாத்ததே இல்ல. கடைக்காரருக்குத் தம்பியே கிடையாது. ஒரு தங்கச்சி, அவங்களுக்கு மூணு பசங்க.]

முடிவு இரண்டு. அவள் விண்ணப்பிக்கிறாள், தேறுகிறாள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு மேடையேறுகிறாள். முன் வரிசையில் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் இருக்கும் பெண்மணி, "உங்க பொண்ணா?" என்று கேட்கிறாள். "பொண்ணு மாதிரி" என்று அண்ணி

[விழா எனக்கா, உங்களுக்கா?]

முடிவு மூன்று. அவள் விண்ணப்பிக்கவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். வருடங்கள் போகின்றன. அண்ணியின் கதைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டு

[நோட்டுல வரி பாதியில நிக்குது. பேனா தீந்துபோச்சா?]

(பேனா தீரவில்லை. இந்த வரியைப் பிறகு சேர்த்தேன்.)

4

அந்த ப்ராஜெக்ட் என்ன என்று சொல்லவேண்டும். மருந்துக் கடைக்கு இருப்பு பார்க்கும் மென்பொருள். நான்கு மாதம், கல்லூரி விட்டதும் நேராகக் கடைக்குப் போய், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த மருந்து எந்த அடுக்கில் இருக்கிறது, எது எந்த மாதம் காலாவதியாகிறது என்று குறித்து வந்தாள். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அந்த மருந்தின் பெயர் திரையில் சிவப்பாகிவிடும். முதல் நாள் கடைக் கணினியில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தபோது இருமல் மருந்து வரிசை முழுக்கச் சிவப்பாகிவிட்டதாம். "என்னம்மா, கடையே தீப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்று கடைக்காரர் பயந்துபோய், அத்தனை பாட்டிலையும் அன்றே எடுத்து ஓரமாக வைத்தாராம்.

எங்கள் வீட்டுக் கணினி பழசு. அதில் தொடர்கதை ஓடும், மென்பொருள் ஓடாது. அதனால் கல்லூரி லேபில் வேலை செய்து பென்டிரைவில் கொண்டுவருவாள். கம்ப்யூட்டர் படிக்கிறவள் இன்னொரு பிரதி எடுத்து வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள்.

[எடுத்து வெச்சிருந்தேன். லேப் மெஷின்ல. அடுத்த பேட்ச்சுக்காக முந்தின வாரம் எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க.]

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் படிப்பில் ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்குகிற பழக்கம் உண்டு. கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும். பெயரை மட்டும் மாற்றி, கருநீல அட்டை போட்டு, தங்க எழுத்தில் அச்சடித்துத் தருவார்கள். சொந்தமாகச் செய்தவர்களும் பைண்டிங்குக்கு அதே கடைக்குத்தான் போகவேண்டும். ஆகவே தேர்வாளர்கள் அட்டையை நம்புவதில்லை. ஓட்டிக் காட்டு என்பார்கள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் அதையேதான் சொன்னார்.

"ஓட்டிக் காட்டும்மா."

பென்டிரைவைச் செருகினாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. 'அத்தியாயம் 14.' அவர் திறந்தார். வாய்விட்டுப் படித்தார்: "'நீ வராவிட்டால் போகட்டும். உன் நிழலையாவது அனுப்பு' என்றான் அவன், குடையை மடக்கியபடி."

காத்திருந்த மாணவிகள் சிரித்தார்கள்.

"இது எந்த மருந்தும்மா? காலாவதி ஆயிடுச்சா?" என்றார் அவர்.

துறைத் தலைவர் அம்மாள் சிரிக்கவில்லை. "எந்தக் கடையில வாங்கின?"

"நானே பண்ணது மேடம்."

"வாங்குறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உன்னை நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

பதிவேட்டில், 'சொந்த உழைப்பு அல்ல' என்று எழுதி, அதன் கீழே அவளிடமே கையெழுத்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்தவள், பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "          புகுந்துடுச்சு அண்ணி."

அவள் அண்ணன் ஒரு வாரம்           பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், எந்தக் கணினியையும் நம்பாதீர்கள் என்று.

5

இங்கிருந்து நானே தட்டுகிறேன், ஒற்றை விரலால். ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு இடங்களில் வெற்றிடம் பார்த்திருப்பீர்கள். நோட்டில் அங்கே 'வைரஸ்' என்று எழுதியிருந்தேன். தட்டிய தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல் இல்லை. கவனக்குறைவு என்று நினைத்து, பேனாவால் நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் வெற்றிடமாகவே வந்தது.

"ஒரு சொல்லு விட்டுப்போச்சே, பாக்கலையா?" என்றேன்.

"பாத்தேன்."

"அப்புறம்?"

"அது எனக்கு வரல அண்ணி." காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை அன்று அவள் சொல்லவே இல்லை. நான்காம் பகுதியில் நான் எழுதியது பொய். அவள் பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். "வைரஸ் ஏதாவது புகுந்திருக்குமோ?" என்று கேட்டது நான்தான். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இருக்கும்" என்றாள்.

நடந்தது இதுதான். வைவா அன்று காலை ஏழு பத்துக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அத்தியாயம் பதினான்கை அன்றே அனுப்பவேண்டும். வீட்டில் இரண்டு நாளாக இணையம் இல்லை. லேபிலிருந்து அனுப்பச் சொல்லலாம் என்று அவளுடைய பென்டிரைவில் ஏற்றப் போனேன். இடம் போதவில்லை என்று வந்தது. உள்ளே ஒரு பெரிய கோப்புறை, அதில் நூற்றுக்கணக்கில் கோப்புகள். ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் எண்களும் குறிகளுமாக இருந்தது. எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. எனக்குப் புரியாதது யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்திருக்கிறேன். அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றேன். இரண்டாம் முறை கேட்டது. அப்போதும் ஆமாம் என்றேன்.

அவள் கிளம்பும்போது, "அத்தியாயத்தைப் போட்டு வெச்சிருக்கேன், மறக்காம அனுப்பிடு" என்று வேறு சொன்னேன். "சரி அண்ணி" என்று செருப்பை மாட்டினாள்.

சாயங்காலம் அவள் வந்து நின்ற கோலத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நாவல்கள் முடித்தேன். இரண்டையும் அவள்தான் தட்டிக் கொடுத்தாள், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல். திங்கட்கிழமை கடந்துவிட்டால் இனி யாரும் எதையும் கேட்கப் போவதில்லை என்று மனதின் ஒரு மூலையில் நிம்மதிகூட இருந்தது. அவள் எங்கேயும் போகமாட்டாள், இங்கேயே என் பக்கத்தில்

இந்த வரியை அழிக்கக் கை போனது. அழித்துப் பழகிய கை. விட்டுவைக்கிறேன்.

6

இன்று சனிக்கிழமை, மத்தியானம். அவளிடம் சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

கொசு, அன்னிக்கு நான் அவசரத்துல

உன் அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரோன்னுதான்

நீ என் சொந்தப் பொண்ணா இருந்தாக்கூட

எந்த வாக்கியமும் முடியவில்லை. எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கிளம்பின.

"என்ன அப்படி ரகசியம்? ஒத்த விரல்ல தட்டிக்கிட்டு?"

எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. அவள் நின்றபடியே குனிந்து படித்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. ஐந்தாம் பகுதியின் நடுவில் நிறுத்தினாள்.

"ஏழு பத்து இல்ல அண்ணி. ஏழு பன்னெண்டு."

"என்ன?"

"உங்க அத்தியாயத்தை ஏத்தின நேரம். ஃபைல்லயே பதிஞ்சிருக்கும். முதல் செமஸ்டர்லயே சொல்லிக் கொடுத்துடுவாங்க."

"எப்போ பாத்த?"

"அங்கயே. அவங்க சிரிச்சிட்டிருந்தப்போ."

"அப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!"

"அண்ணி மேல பழி போடுறான்னு சொல்லியிருப்பாங்க."

"என்கிட்டயாவது ஏன்டி கேக்கல? ரெண்டு வருஷமா?"

"கேட்டு, நீங்க இல்லன்னு சொல்லிட்டா?" அவள் நிமிர்ந்துகொண்டாள். "அப்புறம் நான் எங்க போறது?"

நான் எழுந்தேன். "என்னை மன்னி..." என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் கதையில வெச்சுக்கோங்க அண்ணி." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். பதினோரு நாவல்களில் உங்களை அப்படிப் பழக்கிவைத்தவள் நான்தான். நாங்கள் அழவில்லை. அவள் உள்ளே போனாள், அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மடித்த விண்ணப்பத்தை மேசைமேல் பிரித்து வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் தேய்த்தாள். துறைத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

பக்கத்து அறையில் அவள் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தணித்துக்கொள்ளவில்லை.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் என்னை நல்லவளாக்கித்தான் எழுதுவேன், எனக்கு அந்தக் கை வந்துவிட்டது. திங்கட்கிழமை என்ன நடக்கவேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் தொண்டையிலேயே வைத்திருந்து அவள் கேட்டதை மட்டும், ஒரு சொல்லும் விடாமல், இங்கே தட்டிவைக்கிறேன்.

"திங்கக்கிழமை என்கூட காலேஜுக்கு வாங்க அண்ணி. மேடம் முன்னாடி நின்னு, அழிச்சது நீங்கதான்னு உங்க வாயால சொல்லுங்க."