இறக்கி அரை

லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காப்பிக்கொட்டை வறுப்பார். வாரத்தில் ஆறு நாள் ஊரில் இருக்கிற லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்து, மேலும் கீழும் போய் வருகிற மனிதருக்கு ஏழாம் நாளாவது ஒரே தளத்தில் நிற்க வேண்டும் போலிருக்கும். நிற்கிற இடம் பின்பக்கத்து பால்கனி. அங்கே ஒரு கேஸ் அடுப்பு, அதன்மேல் படுக்கைவாக்கில் ஒரு தகர உருளை, அதைச் சுற்றவைக்க ஒரு பழைய மின்விசிறியின் மோட்டார். எல்லாம் அவர் கைவேலை. சுற்றும்போது லேசாக முனகும். "உங்க குறட்டைக்குத் துணை கிடைச்சிருச்சு" என்று மனைவி சொன்னாள்.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பிழை பார்ப்பது அவளுக்கு உத்தியோகம் மட்டுமில்லை, பிறவிக் குணம். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படிப்பட்டவள் காப்பியை மட்டும் விட்டுவைப்பாளா? முதல் வாய் உள்ளே போனதும் தீர்ப்பு வந்துவிடும். "அரை நிமிஷம் கூட வறுத்துட்டீங்க." "உருண்டைக் கொட்டை கம்மி, தட்டை தூக்கல்." ஆரம்பத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட லிஃப்ட்காரர், போகப் போக அந்தக் குறைகளைக் கேட்பதற்காகவே வறுக்கத் தொடங்கினார். வெளியே யாரிடமும் அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் வாசனையையும் ருசியையும் சுருட்டிக்கொண்டு போயிற்று. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதற்கு டாக்டர் எதற்கு என்று லிஃப்ட்காரருக்குக் கோபமாக வந்தது.

அன்றிலிருந்து காப்பிக்கு ஒரே தீர்ப்புதான். "நல்லா இருக்குங்க."

அந்த "நல்லா இருக்கு" அவருக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததே இல்லை. இப்போது தினமும் காலையில் கோப்பையைக் கையில் வாங்கி, சிரித்த முகத்தோடு ஒரு பொய் சொல்கிறாள். அவருக்கு அந்த வீட்டிலேயே பேச்சுத்துணை குறைந்துபோன மாதிரி இருந்தது.

அவர் விடவில்லை. கலவையை மாற்றிப் பார்த்தார். கடைசி மூன்று ஞாயிறாக ஒரு தந்திரம் செய்தார். வறுபடும் கொட்டை இரண்டு தரம் வெடிக்கும். முதல் வெடி பெரிதாக, இரண்டாவது கடுகு பொரிவது போலச் சன்னமாக. இரண்டாவது வெடியில் அரையை இறக்கிவிட்டு, மீதி அரையை இன்னும் கொஞ்சம் கருக்கவிட்டு, இரண்டையும் கலப்பது. கசப்பாவது நாக்கில் ஏறாதா என்ற நப்பாசை. ஏறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் மெதுவாகச் சொன்னாள். "நாளையோட போதுங்க. எனக்கு வெந்நீரும் இதுவும் ஒண்ணுதான். உங்களுக்கு மட்டும் போட்டுக்கோங்க."

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம்மா" என்றார். குரல் கெஞ்சலாக வந்ததில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆக, இந்த ஞாயிறுதான் கடைசி. தந்திரமெல்லாம் வேண்டாம், அவளுக்கு முன்பு பிடித்த பழைய கலவையையே, முழுவதையும் ஒரே பக்குவத்தில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவை அவளிடம் சொல்லவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வெடி தொடங்கும் நேரம் பார்த்து போன் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில், மூன்றாம் தளத்துக்கும் நாலாம் தளத்துக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். மனைவி அப்போதுதான் குளித்து முடித்துக்கொண்டிருந்தாள். அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் அவசரமாக எழுதி, அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் குத்தினார்.

*இரண்டாவது வெடி வந்ததும் இறக்கி அரை.*

குளியலறைக் கதவைத் தட்டி, "சீட்டு எழுதி வெச்சிருக்கேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையோடு ஓடினார்.

உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அண்ணனும் தங்கையும். மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்களாம். லிஃப்ட்காரர் கதவைத் திறந்தபோது சண்டை ஜோராக நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்துத் திறந்திருக்கலாமோ என்று யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

மாடிப்படியிலேயே கரி நெடி முகத்தில் அறைந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். சல்லடையில் அரைப் பங்கு கொட்டை, அழகான பழுப்பில், குற்றம் சொல்ல முடியாதபடி ஆறிக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் மீதி அரைப் பங்கு. அதைக் கொட்டை என்று சொல்வது கொட்டைக்கு அவமானம்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்க எழுதினதைத்தான் பண்ணியிருக்கேன்" என்றாள் அவள். தலையில் ஈரத்துண்டு, கையில் அந்தச் சீட்டு. "இறக்கி அரைன்னு எழுதியிருக்கீங்க. அரையை இறக்கிட்டேன். மீதி அரையை எப்ப இறக்கணும்னு எழுதவே இல்லையே."

"அரைன்னா மிக்ஸியில போட்டு அரைன்னு அர்த்தம்."

"மூணு வாரமா அரை இறக்கு, அரை கருக்குன்னு உயிரை வாங்கினது யாரு? இறக்கிக்குப் பக்கத்துல ஒரு காற்புள்ளி போட்டிருந்தா இந்த வீட்டுல புகையே வந்திருக்காது. எழுதினதைப் படிக்கறதுதான் எங்க வேலை. உங்க மனசுல இருக்கறதைப் படிக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

லிஃப்ட்காரருக்குச் சுர்ரென்று வந்தது. கடைசி ஞாயிறு, கடைசிக் கொட்டை, அதுவும் கரி. "சரி, படிச்சது போகட்டும். அடுப்புல ஒண்ணு இருக்கும்போது அங்கயே நிக்கவாவது வேண்டாமா?"

"நின்னேனே. எவ்வளவு நேரம் நிக்கறது? முன்னறையில ஒரு புரூப் பாக்கி இருந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பக்கம்தான் பாத்திருப்பேன். அதுக்குள்ள தீயற நாத்தம் மூக்கைத் துளைச்சிருச்சு. ஓடி வந்து அணைச்சேன். நான் மட்டும் வரலைன்னா உங்க உருளையே உருகியிருக்கும். அதுக்கு ஒரு நன்றி கிடையாது, வந்ததும் வராததுமா..."

அவள் பேசிக்கொண்டே போனாள். லிஃப்ட்காரர் கேட்டது ஒரே ஒரு வார்த்தையைத்தான். கருவிப் பையைக் கீழே வைத்தார்.

"என்ன வந்துச்சுன்னு சொன்னே?"

"நாத்தம். தீயற..."

அவள் நிறுத்திவிட்டாள். ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கி, அந்தக் கரிக்குள் முகத்தைப் புதைக்காத குறையாக மூச்சை இழுத்தாள். இருமல் வந்தது. மறுபடியும் இழுத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது; அது புகையினால் என்று அவள் சொன்னாள், அவரும் சரி என்றார்.

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. கரிந்துபோன கொட்டையை அரைக்கவே கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தைக் காற்றில் விட்டார். பழுப்பில் ஒரு கைப்பிடி, கரியில் ஒரு கைப்பிடி, இரண்டையும் சேர்த்துப் போட்டு அரைத்தார். தண்ணீர் கொதிக்கும்வரை அவளுடைய முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பையை நீட்டினார். அவள் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தாள்.

அவள் முகம் கோணிற்று.

"கண்றாவியா இருக்குங்க."

"என்ன?"

"கண்றாவி. முன்னாடி வெறும் கரி. அதுக்குப் பின்னால ஏதோ லேசா... சரியா பிடிபடலை. தூள் வேற நறநறன்னு இருக்கு. தண்ணியும் சரியாக் கொதிக்கலை."

நாலு மாதத்தில் அவர் கேட்ட மிக நல்ல வார்த்தைகள் அவை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சல்லடையில் கொட்டைகளைத் துழாவினார். அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சீட்டில் *இறக்கி* என்பதற்குப் பக்கத்தில் காற்புள்ளி ஒன்றைப் போட்டு, பழையபடி ஆணியில் குத்தினாள். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"கண்றாவின்னு சொன்னியே."

"கண்றாவிதான். ஊத்துங்க."